புதுத் தொட்டியும் பழுப்புப் பாசியும்

சென்ற ஆண்டு புரட்டாதி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை, எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு மாணவர் ஒருவர் வந்தார். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பவர். முகம் வாடியிருந்தது. கையிலே ஒரு சிறு போத்தல். அதனுள்ளே வெறுந் தேநீரின் நிறத்தில் ஒரு கலங்கல்.

“சேர், தொட்டி முழுக்கப் பழுதாப் போச்சுது. சனிக்கிழமைக்குள்ளை எல்லாத்தையும் அள்ளிக் கொட்டச் சொல்லி அப்பா சொல்லிப்போட்டார்” என்றார்.

இருக்கச் செய்து விசாரித்தோம். கனடாவிலிருந்து வந்த தாய்மாமன், மருமகனின் ஆசையறிந்து பணம் கொடுத்துச் சென்றாராம். அப்பணத்தில் மூன்றடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கப்பட்டது. மாதகற் கரையிலிருந்து பீப்பாக்களிற் கடல்நீர் வந்தது. மணலும் கல்லும் இட்டு, நீரோட்டத்துக்கு ஒரு சிறு பம்பியும் மேலே ஒரு விளக்கும் பூட்டி, பத்து நாட் பொறுத்துக் கொழும்பிலிருந்து இரண்டு கோமாளி மீன்களைத் தருவித்து விட்டார். (பத்து நாள் போதாது, அவருடைய நல்ல காலம், மீன்கள் பிழைத்தன.) இரண்டு கிழமை வரையில் வீட்டார் எல்லாரும் தொட்டியின் முன்னிருந்தே மாலைத் தேநீர் அருந்தினர். பின்னர் மணலின்மேல் மஞ்சட்பொடி தூவியது போல ஒரு படை தோன்றியது. இரண்டு நாளில் அது கபில நிறமாயிற்று. கல், கண்ணாடி, பம்பி, குழாய் ஒன்றும் தப்பவில்லை. காலையிலே துடைத்தால் மாலையிலே மீண்டும் வந்து நின்றது. மாமன் தந்த காசை உப்புத் தண்ணீரிற் கரைத்துவிட்டதாகத் தந்தையார் கடிந்துகொண்டதையும், படிப்புக் கெடுகிறதென்று தாயார் கவலைப்படுவதையும் மாணவர் ஒளியாது சொன்னார்.

“எல்லாத்தையும் கிணத்தடியிலை வைச்சு நல்லாய்த் தேச்சுக் கழுவிப்போட்டு, திரும்ப முதலிலை இருந்து தொடங்கட்டோ சேர்?”

அக்கேள்வி எம்மைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே காரியத்தைச் செய்தவர் நாம்.

எமது வீட்டு விறாந்தையில் அக்காலத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. ஐந்தாம் கிழமையில் இதே கபிலம் படர்ந்தது. விஞ்ஞானம் கற்பிப்பவர் வீட்டில் இப்படியோர் அழுக்குத் தொட்டியா என்று வந்தவர்கள் கேட்டுவிடுவார்களே என்ற கூச்சம் எமக்கு. விடுமுறை நாளொன்றில் மீன்களை வாளியில் விட்டு, மணலையும் கற்களையும் கிணற்று நீரிற் பலமுறை அலசி, வெயிலிற் காயவைத்து, கண்ணாடியைத் துலக்கி, புதிய கடல்நீர் நிரப்பி, அன்று மாலையே மீன்களைத் திரும்ப விட்டோம். தொட்டி பளிங்கு போல இருந்தது. வீட்டார் மெச்சினர். மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கின. ஐந்தாம் நாட் காலை, ஐந்து மீன்களில் நான்கு மிதந்தன. அவற்றைக் கொன்றது எமது துப்புரவு என்பதை விளங்கிக்கொள்ள எமக்கு மேலும் சில மாதங்கள் சென்றன.

நடந்தது இது. மீன் தன் பூக்களினூடாக அமோனியாவை ஓயாது வெளிவிடுகிறது; மிஞ்சிய இரை அழுகினாலும் அமோனியாவே பிறக்கிறது. கடலிலே அது கணக்கில் வராது. நூறு லீற்றர் நீரில் அது நஞ்சு. தொட்டியின் மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே. அதனை வேறொரு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அது மீனுக்கு அவ்வளவு தீங்கற்றது. இவ்விரு கூட்டத்தாரையும் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவிற் பிரித்தறிந்து உலகுக்குக் காட்டினார். இவர்கள் மெல்லப் பெருகுபவர்கள். ஒரு புதுத் தொட்டியிற் போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு கிழமை வரை செல்லும். நாமோ அவர்களை நன்னீரில் அலசி வெயிலிற் காயவைத்துவிட்டோம். ஊர்த் துப்புரவுத் தொழிலாளர் அனைவரையும் துரத்திவிட்டு, வீதி இன்று சுத்தமாயிருக்கிறதே என்று மகிழ்ந்த கதைதான்.

இதனைச் சொல்லி, “தம்பி, ஒண்டையும் கழுவாதையும். நாளைக்குப் போத்தலோடை ஆய்வுகூடத்துக்கு வாரும்” என்று அனுப்பினோம்.

மறுநாள் அக்கலங்கலில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். முதலிற் பார்த்தவர் மாணவர். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “சேர், வள்ளங்கள் ஓடுது” என்றார்.

அவர் சொன்னது பொருத்தமான உவமை. இரு முனையும் கூர்ந்த பொன்னிற ஓடங்கள் ஒன்றையொன்று உராய்ந்தும் விலகியும் தாமாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. இவ்வினத்தில் ஒன்றுக்கு அறிவியலார் இட்ட பெயர் நவிக்குலா. இலத்தீன் மொழியிற் சிறு ஓடம் என்பது அதன் பொருள். இக்கூட்டம் முழுவதற்கும் எமது பாடநூல்கள் தயற்றம் என்று பெயர் வழங்குகின்றன. தமிழ்நாட்டார் டயாட்டம் என்று எழுதுவர். எது செம்மை என்ற வழக்கை இங்கே தொடங்கமாட்டோம். பிறமொழி அறிவியலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கவலை மானிப்பாய்க்குப் புதிதன்று என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இவ்வூரிலிருந்தே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் சொற்களையும் தமிழில் ஆக்கினார்.

பெயர் பற்றி ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். கபில அல்கா என்று தாவரவியலார் கூறுவது வேறு. எமது வடகரையிற் கல்லைப் பற்றி வளர்ந்து, அலையடிக்குங் காலத்திற் கரையிற் குவியலாய் ஒதுங்கும் சாகாசம் அவ்வினத்தது. தொட்டியிற் படியும் கபிலம் தயற்றம். நிறம் ஒன்றாயிருப்பதற்குக் காரணம், இரண்டிலும் பச்சையத்தை மறைத்துக்கொண்டு பியூக்கோசாந்தின் என்னும் பொன்மஞ்சள் நிறப்பொருள் இருப்பதே. தூரத்து உறவினர் என்று சொல்லலாம்; ஒரே வீட்டார் அல்லர்.

தயற்றத்தின் சிறப்பு அதன் ஓட்டில் இருக்கிறது. அது ஓர் உயிர்க்கலம் மட்டுமே. அதனைச் சுற்றிச் சிலிக்காவினால் ஆன, அதாவது கண்ணாடிக்கு ஒத்த பொருளால் ஆன, ஒரு பேழை. குங்குமச் சிமிழும் அதன் மூடியும் போல ஒரு பாதி மற்றப் பாதியின்மேற் கவிந்திருக்கும். கலம் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் புதுப் பாதி ஒன்றைச் செய்துகொள்ளும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை ஒரு பங்கு சந்ததியின் உருவம் சிறுத்துக்கொண்டே போகும். ஓர் எல்லையை அடைந்ததும் ஓட்டை உதறிவிட்டுப் பெரிய உருவத்திற் புதிதாய்ப் பிறக்கும். வசதி வாய்த்தால் நாளுக்கொரு முறை பிரியவல்லது. இன்று ஒன்றெனில் பத்தாம் நாள் 1,024. இருபதாம் நாள் பத்து இலட்சத்துக்கு மேல். காலையிலே துடைத்தது மாலையிலே திரும்பி வந்த மருமம் இதுவே.

மாணவர் அதனை அழுக்கு என்று சொல்வதை அன்றோடு விட்டார். விடத்தான் வேண்டும். உலகில் ஒளித்தொகுப்பாற் பிறக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தயற்றங்களின் கொடை என்று கணிக்கின்றனர். மலையாளக் கரையிலே மத்தி என வழங்கும் சாளை மீனுக்கு விருப்பமான இரை ஒருவகைத் தயற்றம். இறாற் குஞ்சு பொரிக்கும் நிலையங்களிலே கீற்றோசெரசு என்ற தயற்றத்தைத் தனியே வளர்த்து, பால் மாறாத குஞ்சுகளுக்கு ஊட்டுவதுபோல ஊட்டுகிறார்கள். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி நீரை வடித்து உண்பவற்றிலும் இது உண்டு. இறந்த தயற்றங்களின் ஓடுகள் கடலடியிற் படிந்து மண்ணாகின்றன. அல்பிரட் நோபல் 1867இல் உரிமம் பெற்ற டைனமைற்று, வெடிநெய்யை அம்மண்ணில் ஊறவைத்துச் செய்ததே.

இவ்வளவு பெருமையுடையது ஏன் புதுத் தொட்டியிலே வந்து தொல்லை தருகிறது? புதுத் தொட்டி ஆளில்லா நிலம். கல்லிலும் கண்ணாடியிலும் வேறெவரும் குடியேறவில்லை. மேய்வதற்கு நத்தையும் இல்லை. ஒளி உண்டு, உரம் உண்டு. இவற்றோடு ஓடு கட்டச் சிலிக்காவும் நீரிற் கரைந்திருந்தாற் கேட்க வேண்டியதில்லை. சிலிக்கா தீர்ந்ததும் கட்டுமானம் நிற்கும். மெல்ல வேறு உயிர்கள் இடம் பிடிக்கும். கபிலம் தானே தேயும். பெரும்பாலான தொட்டிகளில் இது சில கிழமைகளில் முடிந்துவிடுகிற கதை. ஆயின் இம்மாணவர் வீட்டில் அது முடிவதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. அப்படியாயின் எவரோ நாள்தோறும் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

“தொட்டியிலை தண்ணி குறைஞ்சால் என்ன செய்கிறனீர்?” என்று கேட்டோம்.

“எங்கடை கிணத்துத் தண்ணிதான் சேர், ஒவ்வொரு நாளும் விடுறன்.”

பென்சிலை எடுத்துக் கணக்கிடச் சொன்னோம். மூன்றடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமுமான நீர்ப்பரப்பு. புரட்டாதி வெயிலிலும் காற்றிலும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாய்ப் போனால், ஒன்றரை லீற்றருக்கு மேல் ஆகிறது. நாலு கிழமைக்கு ஏறக்குறைய 49 லீற்றர். தொட்டியின் நீரோ 100 லீற்றர். ஆவியாய்ப் போவது வெறும் நீர் மட்டும். கிணற்று நீரில் எதெது கரைந்திருந்ததோ அது முழுவதும் தொட்டியிலே தங்கிவிடுகிறது. மேற்பரப்புக் கடல்நீரிற் கரைந்த சிலிக்கா மிகச் சொற்பம், தயற்றங்களே அதனை உண்டு தீர்த்துவிடுவதால். நிலத்தடி நீரில் அது பன்மடங்கு.

சிலிக்கா மாத்திரமா? மாணவரிடம் தொட்டி நீரைச் சோதிக்கும் சிறு மருந்துப் பெட்டி ஒன்றிருந்தது. தொட்டியில் அமோனியா இல்லை. நைத்திரைற்று மிகச் சிறிது. பற்றீரியாக்கள் தம் வேலையை ஒழுங்காய்ச் செய்கின்றன என்று மகிழ்ந்தோம். நைத்திரேற்று மட்டும் இரண்டு சிறு மீனுக்குப் பொருந்தாத அளவில் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று கிணற்று நீரையும் கொண்டுவரச் செய்து சோதித்தோம். குழாயிலிருந்த நீர் அடர் சிவப்பாயிற்று.

யாழ்ப்பாணத்துக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்த நிலம். எமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகளால் இறங்கித் தங்குவதே எமது நீர். அவ்வெடிப்புகள் மழையோடு தோட்டத்து உரத்தையும் மலசலகூடக் குழியின் ஊறலையும் தடுக்காது உள்ளே விடுகின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

நாம் அடுத்துக் கேட்டது மீனைப் பற்றியதன்று. “வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கினமோ?”

மாணவரின் தமக்கையார் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் போதாமையாற் புட்டிப்பாலும் கொடுக்கிறார்கள். மாவைக் கரைப்பது அதே கிணற்று நீரில். “நல்லாய்க் கொதிக்கவைச்சுத்தான் சேர் குடுக்கிறவை” என்றார் மாணவர்.

கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அது செறியவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, ஒட்சிசனைச் சுமக்கும் குருதியின் வலிமையைக் குறைத்துவிடக்கூடும். மிஞ்சினால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மீன்தொட்டிக்கென விற்கும் பெட்டியை நம்பி ஒரு குடும்பத்தை அச்சுறுத்துவது முறையன்று. ஆயினும் அன்று மாலையே சைக்கிளில் மாணவருடன் அவர் வீட்டுக்குச் சென்றோம்.

தந்தையார் தோட்டஞ் செய்பவர். வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். மண்வெட்டியைச் சார்த்திவிட்டு, “வாங்கோ மாஸ்ரர், இந்தத் தொட்டிக் கதைக்கோ வந்தனீங்கள்?” என்று சிரித்தார். தொட்டிக் கதையையே முதலிற் சொன்னோம். எமது நான்கு மீன்களின் கதையையும் மறைக்கவில்லை. அவர் தொட்டியை ஒரு முறை குனிந்து பார்த்தார். “காடு வெட்டின புது நிலத்திலை முதல் எழும்புறது களைதானே. அதுக்காக ஆரும் நிலத்தைக் கைவிடுறதில்லை” என்றார். நாம் ஒரு மணி நேரம் விளக்கியிருக்கக்கூடியதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார்.

கிணற்றின் கதையைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அது ஒன்றே கிணறு. அவருடைய தகப்பனார் வெட்டியது. நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் மனைவியாரை அழைத்து, பிள்ளைக்கு இனி இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்கு நீர் அனுப்பப்பட்டது. முடிவு வந்தபோது அளவு வரையறைக்கு மேலேயே இருந்தது. அதற்குள் சுத்திகரித்த நீர் விற்கும் இடத்திலிருந்து குழந்தைக்கு நீர் வந்துகொண்டிருந்தது. குழந்தை நலம்.

இச்சுத்திகரிப்பு மென்சவ்வினூடாக நீரை அழுத்தி வடிப்பது. தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட பெரு நிலையம் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இம்முறையாலே. நைத்திரேற்றும் சிலிக்காவும் பெரும்பாலும் அதில் தங்கிவிடும். ஆகவே தொட்டியில் ஆவியான நீருக்கு ஈடாக விட அது மிகப் பொருத்தமானது. மாணவரின் கைப்பணத்துக்கு அது கட்டுபடியாகவில்லை. ஐப்பசி பிறந்து மழையும் தொடங்கிற்று. முதல் இரண்டு மழையிற் கூரை நன்றாய்க் கழுவுண்ட பின்னர், ஓட்டு நீரை வேட்டித் துணியால் வடித்துப் பிடித்து வைத்தார்.

மற்றவை சிறு காரியங்கள். விளக்கை நாளுக்கு எட்டு மணி நேரமே எரியவிட்டார். இரையை ஒரு வேளையாக்கி, மீன்கள் உடனே தின்று முடிக்கும் அளவே இட்டார். கண்ணாடியை முன்பக்கம் மாத்திரம் துடைத்து, கிழமைக்கொரு முறை மணலின் மேற்படையைக் குழாயால் உறிஞ்சியெடுத்து, அவ்வாறு வெளியேறிய பத்து லீற்றருக்குப் புதிய கடல்நீர் விட்டார். கல்லையும் பம்பியின் வடிபஞ்சையும் அலச நேர்ந்தால், வெளியே எடுத்த பழைய கடல்நீரிலேயே அலசினார். பாசிக்கொல்லி மருந்தை வாங்கலாமா என்று கேட்டபோது மறுத்துவிட்டோம். அவற்றுட் சில செம்பு கலந்தவை. செம்பு நத்தைக்கும் நண்டுக்கும் எமன்.

நத்தையைப் பற்றிச் சொல்லாமற் போகக்கூடாது. 1849இல் இலண்டனில் இரசாயன அறிஞர் றொபேட் வறிங்ரன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்திற் பொன்மீனும் நீர்ப்பூண்டும் வளர்த்தார். பூண்டின் இலை அழுகி, கண்ணாடியெங்கும் வழுவழுப்பும் பாசியும் படர்ந்து நீர் கெட்டது. அவர் பாத்திரத்தைக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று, தம் முட்டைகளால் மீனுக்கு இரையும் தந்தன. மறுவருடம் அவர் வெளியிட்ட அக்குறிப்பு, வீட்டுக்குள் நீர்த்தொட்டி வளர்க்கும் கலைக்கு மூலைக்கல்லுகளுள் ஒன்றாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலைக்கும் அவ்வழி வந்த அறிவே துணை. எமது மாணவர் அராலிக் கரையிற் கல்லில் ஒட்டியிருந்த சிறு நத்தைகள் ஆறைப் பொறுக்கி வந்தார். மாரியில் அங்கே உப்புக் குறைந்திருக்குமாதலால், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாய் இரண்டு மணி நேரம் கலந்து பழக்கிய பின்னரே உள்ளே விட்டார். உயிருள்ள பவளத்தை மட்டும் எவரும் தொட வேண்டாம். அதனை உடைப்பதும் எடுப்பதும் சட்டத்துக்கு மாறானவை.

வீட்டில் தொட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கபிலமாய்த் தோன்றுவன எல்லாம் தயற்றமாகா. விரலால் தொட்டாற் புழுதி போலக் கலைந்து போவது தயற்றம். கருஞ்சிவப்பாய், தோலுரிப்பதுபோல் ஏடாய்க் கழன்று வருவது நீலப்பச்சைப் பற்றீரியா. நீரோட்டம் போதாமையும் இரை மிகுதியும் அதற்குக் காரணமாகும். நூல் நூலாய்ச் சளிபோல் தொங்கி, இடையிடையே காற்றுக்குமிழி கோத்திருப்பது வேறோர் இனம். அது நத்தைகளைக் கொல்லவுங் கூடும். அதனைக் கண்டால் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

கார்த்திகை விளக்கீட்டன்று அவ்வீட்டுக்கு அழைக்கப்பட்டோம். படலை தொடங்கி கிணற்றடி வரையில் தீபங்கள். விறாந்தையில் தொட்டி இருந்தது. மணல் வெளுத்திருந்தது, கல்லின் ஓரங்களில் இளம்பச்சை படரத் தொடங்கியிருந்தது. நத்தையொன்று கண்ணாடியில் வளைவழி ஒன்றை மேய்ந்து வைத்திருந்தது. தமக்கையார் குழந்தையைத் தூக்கிவந்து தொட்டியின் முன்னே பிடிக்க, அது இரு மீனையும் மாறி மாறிப் பார்த்தது. தந்தையார் கிணற்றடியிலிருந்து மலசலகூடக் குழி எத்தனை பாகம் தூரத்தில் இருக்க வேண்டும் என்று எம்மைத் தனியே கேட்டார். வெங்காயத்துக்கு இடும் உரத்தைப் பற்றியும் விவசாயப் போதனாசிரியரிடம் பேசப்போவதாகச் சொன்னார்.

தாயாருக்கு மட்டும் ஒரு குறை மிச்சம். மழைநீர் பிடிக்க மகன் கொண்டுபோன பெரிய அண்டா இன்னும் அடுக்களைக்குத் திரும்பி வரவில்லையாம்.